எண்ணெய் உருகும்வரை தெற்கே

2023 நவம்பர் கடைசி வாரம், நட்டநடு அட்லாண்டிக். இரவு மூன்று மணிக் காவல் எனக்கு. எந்தக் கரைக்குப் போவதென்றாலும் ஏறக்குறைய ஆயிரம் மைல். பௌர்ணமி நிலவில் கடல் பாதரசமாகப் புரண்டுகொண்டிருந்தது. மனசு மெல்ல மெல்ல ஒரு சித்தர் நிலைக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் சட்டைப்பைக்குள் கைப்பேசி அலறியது. தூத்துக்குடியிலிருந்து மனைவி. அங்கே காலை பத்தரை.

"என்னங்க, கேஸ் புக்கை எங்க வச்சீங்க? சிலிண்டர்காரர் வாசல்லயே நிக்கிறாரு."

பீரோ, இரண்டாம் தட்டு, ரேஷன் கார்டுக்கு அடியில். சொன்னேன். "சரி, பனியில நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சித்தர் நிலை அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

34 வருஷத்துக்கு முன்னால் இதே கடலை இதே வழியில் கடந்திருக்கிறேன். அப்போது நான் வணிகக் கப்பல்களில் ரேடியோ ஆபீசர். அப்படி ஒரு வேலை இருந்தது என்பதே இப்போது பலருக்குத் தெரியாது. காதில் ஹெட்போன், விரலடியில் மோர்ஸ் சாவி. ரேடியோ அறைக் கடிகாரத்தில் ஒவ்வொரு மணியிலும் 15ஆம் நிமிடத்திலிருந்து 18 வரையும், 45இலிருந்து 48 வரையும் சிவப்பு அடித்திருக்கும். அந்த மூன்று மூன்று நிமிடமும் 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் எல்லாக் கப்பல்களும் வாயை மூடிக்கொண்டு, யாராவது ஆபத்தில் கூப்பிடுகிறார்களா என்று காது கொடுக்க வேண்டும். பத்து வருஷம் இப்படி ஊருக்கெல்லாம் காது கொடுத்தவனுக்கு ஓர் ஆசை வந்தது: யாராலும் கூப்பிட முடியாத இடத்தில் கொஞ்ச நாள் இருந்து பார்க்க வேண்டும்.

வாய்ப்பு தானாக வந்தது. என்னோடு சீஃப் மேட்டாக இருந்த ஆங்கிலேயர் ஒருவர் வேலையை விட்டதும் 31 அடி நீளத்தில் ஒரு பாய்மரப் படகு வாங்கியிருந்தார். கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து பார்படோஸுக்கு, 2,700 கடல்மைல், வருகிறாயா என்று எழுதினார். அப்பாவிடம் சொன்னேன். அவர் கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல். பாய், பருமல், ஆஞ்சான் கயிறு என்று கைரேகை தேய்ந்தவர்.

"ஏல, போகும்போது என்ன சரக்கு? வரும்போது என்ன சரக்கு?"

"சரக்கு எதுவும் இல்லப்பா."

"சரக்கு இல்லாமலா பாய் விரிப்பாங்க? காலித் தோணிதாம்ல சீக்கிரம் கவுரும்."

கவிழாமல் இருக்கப் படகின் அடியில் இரண்டு டன் ஈயம் வார்த்திருக்கிறது என்று விளக்கினேன். அப்பா முகம் தெளிந்தது. "ஈயமா? அங்க என்ன விலைக்குப் போவும்?"

லாஸ் பால்மாஸில் நாங்கள் மூன்று பேர் ஏறினோம்: கேப்டன், வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு டச்சுப் பையன், நான். 1986இல் அங்கிருந்து 204 படகுகள் ஒரே நாளில் கிளம்பிய ஒரு திருவிழா தொடங்கி, வருஷாவருஷம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் கேப்டன் அந்தக் கூட்டம் கிளம்பி ஒரு வாரம் கழித்துத்தான் நங்கூரம் தூக்கினார். தனிமைதான் கடலின் அழகு என்றார். திருவிழாவில் சேரக் கட்டணம் உண்டு என்பது பிற்பாடு தெரிந்தது.

அந்தப் பாதைக்கு மாலுமிகள் பழைய ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, உருகியதும் மேற்கே திரும்பு. கேலி இல்லை. கேனரியிலிருந்து நேர் மேற்கே போனால் காற்று பாதியில் கைவிட்டுவிடும். ஆப்பிரிக்காவின் ஓரமாகக் கேப் வெர்தே தீவுகள் பக்கம் இறங்கினால்தான் பள்ளிக்கூடத்தில் படித்த வடகிழக்கு வியாபாரக் காற்று கிடைக்கும். எங்கள் ஊர்க் கணக்கில் வாடையும் கொண்டலும் கலந்த காற்று. அது முதுகில் ஏறிவிட்டால் கரீபியன்வரை இறக்கிவிடாது. 1492இல் கொலம்பஸைக் கோமேராவிலிருந்து 36 நாளில் அக்கரை சேர்த்ததும் இதுதான்.

எங்கள் படகில் வெண்ணெய் இல்லை. மனைவி கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெய்ப் புட்டி இருந்தது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகும். லாஸ் பால்மாஸில் அது மெழுகாக உறைந்திருந்தது. தலைக்கு வைக்க வேண்டுமானால் ஸ்பூன் காம்பால் தோண்ட வேண்டும். ஒன்பதாம் நாள் காலையில் புட்டியைச் சாய்த்தபோது ஓடியது. கேப்டனிடம் காட்டினேன். அவர் பதிவேட்டை எடுத்து, மணி போட்டு, 'எண்ணெய் உருகியது, மேற்கே திரும்பினோம்' என்று எழுதினார். என் வாழ்நாளில் நான் தந்த வானிலை அறிக்கைகளில் அது ஒன்றுதான் மறுபேச்சில்லாமல் ஏற்கப்பட்டது.

என்னை அவர் கூட்டிப்போனதே ரேடியோவுக்காகத்தான். படகில் அனுப்பும் கருவி கிடையாது, சிற்றலை வாங்கி மட்டும்தான். லண்டன் வானொலி மணிக்கு மணி தரும் ஆறு 'பீப்' ஒலியைப் பிடித்து, நொடி சுத்தமாக நேரம் சொல்ல வேண்டும். செக்ஸ்டன்டை வைத்துச் சூரியனின் உயரத்தை எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும், நேரம் நான்கு நொடி பிசகினால் இருக்கும் இடம் ஒரு மைல் பிசகிவிடும். ஆறாம் நாள் ஓர் அலை மேல்மூடி வழியாக உள்ளே வந்து நேராக வாங்கியின்மேல் உட்கார்ந்தது. அதோடு அது வாய் திறக்கவில்லை. ரேடியோ இல்லாத ரேடியோ ஆபீசர் படகில் என்ன செய்வான்? பாத்திரம் கழுவுவான். கழுவினேன்.

மிச்சம் இருந்தது என் மணிக்கட்டுக் கடிகாரமும் நண்பகல் சூரியனும். நேரம் சந்தேகமானால் தீர்க்கரேகைதான் சந்தேகம். அட்சரேகை சூரியன் உச்சிக்கு வரும்போது எப்படியும் கிடைத்துவிடும். ஆகவே பழைய முறைதான். போய்ச் சேர வேண்டிய ஊரின் அட்சரேகைக்கு முதலிலேயே இறங்கிவிட்டு, அதே கோட்டில் ஊர் வரும்வரை மேற்கே ஓட்டு. பார்படோஸின் பிரிட்ஜ்டவுன் 13 டிகிரி 6 நிமிடம். எனக்குச் சிரிப்பு வந்தது. சென்னை 13 டிகிரி 5 நிமிடம். துருவ நட்சத்திரம் மெரினாவில் எவ்வளவு உயரத்தில் தெரியுமோ அதே உயரத்தில் தெரியும்வரை இறங்கினால் போதும்: நீட்டிய கையில் ஒரு முஷ்டியும் கொசுறும். அப்பாவுக்கு முந்தைய தலைமுறைத் தண்டல்கள் இதற்கென்றே இராப்பலகை வைத்திருந்தார்களாம். சின்னப் பலகை, நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். பலகையின் அடிவிளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பை நட்சத்திரத்திலும் பொருத்தி, கயிற்றைப் பல்லில் கடித்தால் எந்த முடிச்சு வருகிறதோ அந்தத் துறைமுகம். ஊருக்கு ஒரு முடிச்சு. இதைச் சொன்னதும் கேப்டன், "பார்படோஸுக்கு முடிச்சு உண்டா?" என்றார். சென்னை முடிச்சு போதும் என்றேன்.

24ஆம் நாள் விடியலில் பார்படோஸ் தெரிந்தது, நான் சொன்னதற்கு 11 மைல் தள்ளி. தந்தி கொடுத்தேன்: சுகமாக வந்து சேர்ந்தேன். லாஸ் பால்மாஸில் போட்ட கடிதம் அப்போது வீட்டுக்கே போய்ச் சேரவில்லை. தந்திச் சேவகரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பியதுமே அம்மா மார்பில் அடித்துக்கொண்டாளாம். தந்தி என்றால் சாவு என்று இருந்த காலம். பிரித்துப் படிக்க ஆள் தேடி, பக்கத்துத் தெரு வாத்தியார் வந்து படிப்பதற்குள் பாதித் தெரு அழுது முடித்திருந்தது. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோனது. என் வேலை அதற்கு முன்பே, 1999 பிப்ரவரியில் செயற்கைக்கோள் சார்ந்த ஆபத்துதவி ஏற்பாடு முழுதாக வந்ததோடு போய்விட்டது. பிறகு நான் கடை வைத்தது, நொடித்தது எல்லாம் கடலுக்குச் சம்பந்தமில்லாதவை.

கேப்டன் இறந்து சில வருஷம் ஆகிறது. அன்றைக்கு லாஸ் பால்மாஸ் படகுத்துறையில் எங்களுக்குக் கையசைத்த பன்னிரண்டு வயதுப் பெண்தான் இப்போது கேப்டன். 46 அடிப் படகு. அப்பா போன வழியில் அப்பாவோடு போனவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. "செக்ஸ்டன்டைக் கொண்டுவாருங்கள், சுவரில் மாட்டலாம்" என்றாள். மரியாதைக்குரிய பழம்பொருள்கள் இரண்டாக ஏறினோம்.

உள்ளே போனதும் எனக்கு வந்தது படகு என்ற எண்ணம் அல்ல, மின்வாரிய அலுவலகம் என்ற எண்ணம். சூரியத் தகடு, லித்தியம் பேட்டரி, நான்கு திரை, மேலே ஸ்டார்லிங்க் தட்டு. அப்போது காலையில் எழுந்ததும் கேட்கும் கேள்வி, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது? மூன்று பேருக்கு 240 லிட்டர், 40 நாளைக்குக் கணக்கு, ஆளுக்கு நாளைக்கு இரண்டு லிட்டர். சோற்றுக்கு மூன்று பங்கு நல்ல தண்ணீரில் ஒரு பங்கு கடல்நீர். உப்புப் போட வேண்டியதில்லை. குளியல் முழுக்கக் கடல்நீர்தான். அதில் சோப்பு நுரைக்காது, ஷாம்புதான் நுரைக்கும். துடைத்த பிறகும் உடம்பு கருவாட்டுத்தன்மை மாறாமல் இருக்கும். இப்போது கடல்நீரைச் சவ்வு வழியாக அழுத்தி நன்னீராக்கும் பொறி ஓடுகிறது. தினமும் வெந்நீர்க் குளியல். ஆகவே தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. காலையில் எழுந்ததும் கேட்கும் கேள்வி, சார்ஜ் எத்தனை சதவீதம்? கேட்கிற குரலில் இருந்த கவலை மட்டும் அதே கவலை.

கேப்டன், அவள் கணவர், நான் தவிர நான்காவதாக ஓர் இளைஞன். லண்டனில் ஏதோ நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறான். விடுப்புக் கிடைக்கவில்லை, ஆகவே எடுக்கவில்லை. தினமும் மதியம் சட்டை மாட்டிக்கொண்டு (மேலுக்கு மட்டும்) மடிக்கணினி முன் உட்காருவான். பின்னால் கடல் தெரிந்தால் மேலாளர் கண்டுபிடித்துவிடுவார் என்று புத்தக அலமாரிப் படம் ஒன்றைப் பின்னணியாகப் போட்டுக்கொள்வான். ஜனங்கள் சுவரில் கடல் படம் மாட்டிக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். படகு ஒருபக்கம் சாயும்போது அவனும் அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து, அலமாரி நேராக இருப்பதாகக் காட்டுவதற்குப் படும் பாட்டைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

நாங்கள் போவதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. படகு ஒரு புள்ளியாக வரைபடத்தில் நகருமாம். கோயம்புத்தூரிலிருந்து மாப்பிள்ளை, "மாமா, நேத்துலேர்ந்து ஏன் வடக்கே சாயறீங்க?" என்று கேட்டார். காற்று மாறியது என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. கப்பல்களும் அப்படித்தான். அப்போது 24 நாளில் கண்ணில் பட்டவை இரண்டே. அடிவானத்தில் விளக்குத் தெரிந்ததிலிருந்து மேலே ஏறி மோத இருபது நிமிடம்கூட ஆகாது என்பதால், சமையலறை அலாரத்தைப் பதினைந்து நிமிடத்துக்கு முறுக்கி மடியில் வைத்துக்கொண்டு காவல் இருப்போம். இப்போது கண்ணில் பட்டது ஒன்றுகூட இல்லை. ஆனால் திரையில் பதினொன்று வந்துபோயின, பெயர், நீளம், போகும் ஊர், வேகம் எல்லாவற்றோடும். யாரும் தலையை வெளியே நீட்டிப் பார்க்கவில்லை.

மாறாதது ஒன்று உண்டு. அது ஆட்டம். பின்னாலிருந்து காற்றடிக்கும்போது பாய்மரப் படகு ஊஞ்சல் ஆடாது, அம்மி அரைக்கும். இடது, வலது, இடது, வலது, பதினெட்டு நாளும் பதினெட்டு இரவும். படுக்கையின் பக்கவாட்டில் துணி கட்டி, தூளியில் போட்ட குழந்தைபோலத் தூங்க வேண்டும். அலமாரிக்குள் எங்கோ ஒரு ஸ்பூன் 'டிக்' என்று ஒரு பக்கமும் 'டொக்' என்று மறு பக்கமும் முட்டும். எழுந்து, எல்லாவற்றையும் இறக்கி, அந்த ஸ்பூனைப் பிடித்து துணியில் சுற்றிவைத்துவிட்டுப் படுத்தால் இன்னொரு ஸ்பூன். 1989இல் அது இரண்டு இரவு என்னைத் தூங்கவிடவில்லை. 2023இல் நான்கு திரை இருந்தும் அந்த ஸ்பூன் எங்கே இருக்கிறது என்று ஒன்றும் சொல்லவில்லை. வாழைத்தாரும் மாறவில்லை. கிளம்பும்போது பச்சை, ஏழாம் நாள் எல்லாக் காயும் ஒரே மணியில் பழுக்கும். இரண்டு நாளைக்கு வாழைப்பழம்தான் காலை, மதியம், இரவு. விடியலில் மேல்தளத்தில் விழுந்துகிடக்கும் கோலா மீனும் அதேதான். ஏழெட்டுப் பொறுக்கி மிளகாய்த்தூள் தடவி வறுத்தால் கடல் நமக்குத் தர வேண்டிய பாக்கி கொஞ்சம் தீர்ந்தமாதிரி இருக்கும்.

பதினோராம் நாள் உப்புநீர் இணைப்புக்குள் போய்ச் செயற்கைக்கோள் தட்டு ஆறு மணி நேரம் நின்றது. துக்க வீட்டு அமைதி. இளைஞன் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜி.பி.எஸ். வேலை செய்துகொண்டுதான் இருந்தது. பாய் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. படகுக்கு ஒன்றும் இல்லை, மனிதர்களுக்குத்தான். சுவரிலிருந்து செக்ஸ்டன்டைக் கழற்றி, மேலே போய்ச் சூரியனை எடுத்து, ஒரு மணி நேரம் பென்சிலோடு மல்லாடி இடத்தைச் சொன்னேன். திரையிலிருந்ததற்கு நான்கு மைல் வித்தியாசம். கைதட்டினார்கள். தட்டு உயிர்பெற்றதும் முதல் வேலையாக என் படத்தைப் போட்டார்கள். ஆயிரம் பேருக்குமேல் விருப்பம் தெரிவித்தார்களாம். 11 மைல் தப்பாகச் சொல்லிப் பார்படோஸைக் கண்டுபிடித்த அன்று எனக்குக் கிடைத்தது ஒரு சூடான பியர்.

அந்தக் கஷ்டத்தை இப்போது காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. பம்பாயில் தேக்கில் கட்டிய சுஹைலி என்ற 32 அடிப் படகில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றினார். அப்படிச் செய்த முதல் ஆள் அவர். அதன் ஐம்பதாம் ஆண்டு என்று 2018இல் ஒரு போட்டி நடத்தினார்கள். அந்தக் காலத்துக் கருவிகள் மட்டுமே என்பது விதி. நம் கடற்படையின் அபிலாஷ் டாமி, சுஹைலியைப் பார்த்துக் கோவாவில் கட்டிய படகில் போனார். தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் பாய்மரத்தை முறித்து அவர் முதுகையும் அடித்துப் போட்டது. அவர் கிடந்த இடத்தைச் சொன்னவை செக்ஸ்டன்ட் அல்ல, செயற்கைக்கோள்கள். மூன்றாம் நாள் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து தூக்கியது. ஆள் என்ன செய்தார்? முதுகு தேறி, அதே போட்டியில் மறுபடி போய், 2023இல் இரண்டாவதாக வந்தார். இந்த ஜாதி மனிதர்களிடம் அப்போது, இப்போது என்றெல்லாம் பேசக் கூடாது.

முப்பது வருஷமாக நானும் பள்ளி விழாக்களில், ரோட்டரி கூட்டங்களில், கல்யாணப் பந்தியில் இந்தக் கதையைச் சொல்லிவருகிறேன். பேச்சின் உச்சம் எப்போதும் ஒன்றுதான்: "24 நாள்! ஒரு குரல் இல்லை! அந்த மௌனத்தில்தான் நான் என்னைக் கண்டேன்!" இந்தப் பயணத்துக்குக் கிளம்பும் முன் 1989 நோட்டைத் தேடி எடுத்துப் புரட்டினேன். நானே எழுதியது, என் கையெழுத்துதான். ஒன்பதாம் நாள்: 'வெங்காயம் அழுக ஆரம்பித்துவிட்டது. டச்சுக்காரன் பேசுவதை நிறுத்திவிட்டான். நல்லது.' பதினான்காம் நாள்: 'எவனாவது ஒரு கப்பல்காரன் வந்து இரண்டு வார்த்தை பேசினால் தேவலை.' பதினெட்டாம் நாள்: 'வீட்டில் என்ன செய்கிறார்களோ. ஒரே ஒரு போன் பேச முடிந்தால் என் செக்ஸ்டன்டைக் கொடுத்துவிடுவேன்.' மௌனத்தில் என்னைக் கண்டதாக ஒரு வரிகூட இல்லை. அதற்குப் பிறகு மனைவியின் கேஸ் புக் அழைப்பைப் பற்றி அங்கலாய்க்க எனக்கு அருகதை உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் மணி மூன்று.

கருவிகள் இவ்வளவு மாறியும், படகு அப்போது 24 நாள், இப்போது 18 நாள். அந்த ஆறு நாளும் கணினி தந்ததல்ல, படகின் நீளம் தந்தது. பாய்ப் படகின் வேகம் நீர்மட்ட நீளத்துக்குக் கட்டுப்பட்டது. இரண்டு முறையும் ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாராளமாக முந்தியிருப்பார்.

மாறியிருந்தது கடல். அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. 1989இல் சர்காசோப் பாசி எங்காவது ஒரு கைப்பிடி மிதந்துபோகும். டச்சுக்காரன் வாளியில் அள்ளி அதற்குள் இருந்த குட்டி நண்டுகளை வேடிக்கை பார்ப்பான். இந்த முறை கடைசி வாரத்தில் மஞ்சள் வைக்கோல் பரத்திய களம்போல அடிவானம்வரை வரிவரியாகக் கிடந்தது. 2011 முதல் ஆப்பிரிக்காவுக்கும் கரீபியனுக்கும் நடுவே இப்படி ஒரு பட்டையாக வளர்கிறதாம். சுக்கானில் சிக்கியது, தூண்டிலில் சிக்கியது. மின்சாரத்துக்காகப் பின்னால் தண்ணீரில் சுழலவிட்டிருந்த இறக்கையில் சிக்கி சதவீதத்தை இறக்கியது. இரண்டு மணிக்கு ஒருமுறை குனிந்து அள்ளி எறிவதுதான் என் வேலையாயிற்று. பாத்திரம் கழுவியவனுக்குப் பதவி உயர்வு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த முறையும் மனைவி ஒரு புட்டித் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தாள். பழைய கதையைக் கேட்ட கேப்டன், கிளம்பும் நாள் காலை லாஸ் பால்மாஸில் அதை ஜன்னலோரம் நிறுத்தி, "இது சொல்லும்போதுதான் மேற்கே திரும்புவோம், அப்பா செய்ததுபோல" என்றாள். இளைஞன் படம் எடுக்கத் தயாராக நின்றான். வடஅட்லாண்டிக்கின் மேற்பரப்பு வெப்பம் அந்த ஆண்டு அதுவரை பதிவானவற்றையெல்லாம் தாண்டியிருந்தது. புட்டியை எடுத்துச் சாய்த்தேன். இன்னும் படகுத்துறையில் கயிறுகூட அவிழ்க்கவில்லை. எண்ணெய் ஓடியது.